1.18 சல்லடையில் ஒரு நத்தை

சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த வேதனை புரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஜனங்க ஏ.சி. லேப்ல உட்கார்ந்து விரலை ஆட்டிக்கிட்டு இருப்பாங்க. நாங்க மண் சலிச்சுக்கிட்டு இருப்போம். சாயில் மெக்கானிக்ஸ் லேப்! 4.75, 2.36, 1.18 மில்லிமீட்டர், அப்புறம் 600, 300, 150, 75 மைக்ரான்னு பித்தளைச் சல்லடைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். பெரிய துளை மேலே, சின்னத் துளை கீழே. மண்ணைக் கொட்டி ஆட்டிட்டு, எந்தத் தட்டுல எவ்வளவு தங்குச்சுன்னு எடை போடணும். "இதைத்தானே எங்க பாட்டி அம்பது வருஷமா பண்ணுது, அதுக்கு யாரும் டிகிரி குடுக்கலையே?"ன்னு எங்க செட்ல ஒருத்தி கேட்டா. சார் அவளை வெளியே அனுப்பிட்டார்.

ஆனா அந்த லேப்தான் எனக்கு ஒரு நத்தையை அறிமுகப்படுத்தி வெச்சது. அதுவும் எங்க சொந்த நிலத்து நத்தை.

முதல்ல நிலத்தைப் பத்திச் சொல்லிடறேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. சுத்தமான கரிசல். வெயில் காலத்துல கை நுழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். மழை பெஞ்சா செருப்பைப் பிடுங்கிக்கிட்டு அனுப்பும். கிணறு கிடையாது. ஒரு ஓரத்துல ஓடை போகுது. 'போகுது'ன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர். வருஷத்துல பத்து, பதினைஞ்சு நாள் தண்ணி வந்தா பெரிய விஷயம். இந்த ஊர்ல இப்படிப்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் நல்ல விலை சொல்வார். பயராபீஸ் போடறவர்.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பட்டாசு ஆலையை எங்க பக்கம் 'பயராபீஸ்'னுதான் சொல்வோம். தீப்பெட்டித் தொழிற்சாலைன்னா 'தீப்பெட்டி ஆபீஸ்'. "அம்மா எங்கே?"ன்னு கேட்டா "ஆபீஸுக்குப் போயிருக்காங்க"ன்னு சொல்லி வளர்ந்த பிள்ளைங்க நாங்க. மருந்து கையாளற ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டே ஆகணும்கிறது விதி. அதனால விளையாத வெறுங்காடுதான் அவங்களுக்குத் தோது. மழை கம்மி, காத்துல ஈரம் கம்மி. மருந்து நமத்துப் போகாது. எங்க மண்ணுக்கு எது சாபமோ அதுவே இந்தத் தொழிலுக்கு வரம்.

அம்மா பதினெட்டு வருஷமா பயராபீஸ் போறாங்க. காகிதக் குழாய் உருட்டற வேலை. குரோஸ் கணக்குல கூலி. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் தடை போட்ட பிறகு வேலை நாள் குறைஞ்சுபோச்சு. என் ஃபீஸ் மட்டும் குறையலை. போன புரட்டாசியில ஒருத்தர் நிலத்துக்கு விலை பேசி வந்தார். அம்மாவோட அண்ணன், அதாவது எங்க மாமா, என்னைக் கூப்பிட்டு, "தாயி, நீதான் மண்ணு படிக்கயில்ல? அங்க கட்டடம் நிக்குமா நிக்காதான்னு பாத்துச் சொல்லு. நாளைப் பின்ன சுவர் வெடிச்சுச்சுன்னு விலையைக் குறைக்கப் பாப்பாக"ன்னார்.

நாலு இடத்துல தோண்டி, நாலு உர மூட்டைச் சாக்குல மண்ணைக் கட்டி, பஸ்ல கண்டக்டர்கிட்ட லக்கேஜ் சண்டை போட்டு, காலேஜ் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

கரிசலை அப்படியே சலிக்க முடியாது. ஊற வெச்சு, கரைச்சு, சல்லடை மேல ஊத்தித் தண்ணியால அலசணும். களிமண் எல்லாம் கறுப்பா ஓடிப் போயிடும். மிச்சம் தங்கறதை 105 டிகிரி அவன்ல ஒரு நாள் காயவெச்சு எடை பார்க்கணும். மூணு சாக்குல வழக்கமான சமாசாரம்தான். கொஞ்சம் மணல், நிறைய சுக்கான் கல். ஓடைக்கரைச் சாக்குல மட்டும் 1.18 தட்டுல ஏதோ தவிட்டு நிறத்துல கிடந்துச்சு. கம்பு மணியோன்னு நினைச்சேன். விரல் நுனியில ஒட்டி எடுத்துப் பார்த்தா சுருள் சுருளா கோடு. ஒரு பக்கம் வாய். வாய்க்குச் சுத்தி வெள்ளையா ஒரு விளிம்பு. நத்தை! நீளம் நாலரை மில்லிமீட்டர். அகலம் ரெண்டுகூட இல்லை. அதனாலதான் 2.36-ல நழுவி 1.18-ல மாட்டியிருக்கு. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு கூடு.

"டெப்ரிஸ், தூக்கிப் போடும்மா"ன்னார் லேப் அண்ணன். டெஸ்ட் ரிப்போர்ட்ல நத்தைக்குக் காலம் கிடையாது. நான் ஒரு காகிதத்துல மடிச்சு பென்சில் பாக்ஸ்ல போட்டுக்கிட்டேன்.

பக்கத்து ஊர் காலேஜ்ல விலங்கியல் படிக்கிற என் ஸ்கூல் தோழி மூலமா அது அவளோட புரொஃபசர் மேஜைக்குப் போச்சு. மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு அவர் எழுதிக் குடுத்த பெயர், 'ப்யூபாய்டஸ்'. பெயரைக் கேட்டதும் எனக்கு இட்லி, தோசைக்கு நடுவுல வர்ற ஐட்டம் மாதிரி இருந்துச்சு. 'ப்யூப்பா'ன்னா கூட்டுப்புழு. கூட்டுப்புழு மாதிரி இருக்கறதால அந்தப் பெயர். நம்ம இந்தியாவுல கிடைக்கிற இனத்துக்கு முழுப் பெயர் ப்யூபாய்டஸ் சீனோபிக்டஸ். தாமஸ் ஹட்டன்னு ஒரு ராணுவ அதிகாரி 1834-ல வங்காள ஆசியவியல் கழகத்தோட இதழ்ல இதைப் பத்தி எழுதியிருக்கார். படையோட முகாம் முகாமா அலையும்போது இந்தக் கம்பு மணி சைஸ் ஜந்துவைக் குனிஞ்சு பொறுக்கியிருக்கார்னா மனுஷன் எப்படிப்பட்ட ஆளா இருந்திருப்பார்! அந்த 'சீனோபிக்டஸ்'க்கு லத்தீன்ல என்ன அர்த்தம் தெரியுமா? 'சேறு பூசியது'. எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்குமே வைக்கலாம் இந்தப் பெயரை.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்குப் பைத்தியம்தான். ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் புக்குக்குள்ள நத்தைக் கட்டுரை பிரின்ட் அவுட்.

இது மண்ணுல வாழற நத்தை. செவுள் கிடையாது, காத்தைச் சுவாசிக்கும். ஓட்டுக்குள்ள உடம்பைப் போர்த்தின மாதிரி ஒரு தசைப்போர்வை. அதுக்கு அடியில ஒரு சின்ன அறை. அறைச் சுவரெல்லாம் ரத்தக்குழாய். ஓரத்துல ஒரு துளை, திறந்து மூடும். அதான் நுரையீரல், அவ்வளவுதான். நாலரை மில்லிமீட்டருக்குள்ள நுரையீரல், இதயம், சிறுநீரகம், ஆண் பாகம், பெண் பாகம் (ஆமாங்க, ஒரே நத்தையில ரெண்டும்), நுண்பற்கள் வரிசையா அடுக்கின ஒரு நாக்கு எல்லாம் அடக்கம். நம்ம ஹாஸ்டல் ரூம்ல நாலு பேருக்கு இடம் பத்தலைன்னு சண்டை போடறோம்.

இதைவிடச் சின்னதுகூட இருக்கு. 2022-ல வியட்நாம் குகையில கண்டுபிடிச்சதா அறிவிச்ச ஒரு நத்தையோட உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். அது எங்க லேப்ல 600 மைக்ரான் தட்டுலயும் நழுவினா ஆச்சரியமில்லை. அதோட ஒப்பிட்டா என்னோடது யானை.

வெயில்ல எப்படிப் பிழைக்குது? இங்கதான் விஷயமே. ஈரம் போச்சுன்னா நத்தை உள்ளே இழுத்துக்கும். வாயில சளி மாதிரி ஒரு படலத்தை விட்டு, அது காஞ்சு செலோ டேப் ஒட்டின மாதிரி ஆகிடும். இதயத் துடிப்பையெல்லாம் குறைச்சுக்கிட்டு, மழை வர்ற வரைக்கும் தூக்கம். மாசக்கணக்கு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல நடந்த கூத்து ஒண்ணு இருக்கு. 1846-ல எகிப்துப் பாலைவன நத்தை ஒண்ணைச் செத்துப்போச்சுன்னு நினைச்சு அட்டையில பசை போட்டு ஒட்டி, லேபிள் எழுதி வெச்சுட்டாங்க. 1850-ல யாரோ அட்டையில ஏதோ கறை இருக்கேன்னு பார்த்திருக்காங்க. வெதுவெதுப்பான தண்ணியில போட்டா, ஐயா எந்திரிச்சு நடக்கறார்! நாலு வருஷம்! அது இதோட பெரியப்பா மகன் முறை, அளவுல ரொம்பப் பெருசு. ஆனா டெக்னிக் ஒண்ணுதான்.

இன்னொரு கேள்வி. ஒரு நாள் முழுக்க நடந்தாலும் பக்கத்து வரப்பைத் தாண்டாத இந்த ஜந்து, ஆப்பிரிக்காவோட வறண்ட பகுதிகள்ல ஆரம்பிச்சு அரேபியா வழியா இந்தியா வரைக்கும் எப்படிப் பரவுச்சு? காத்து, வெள்ளம், மனுஷன் சுமக்கிற செடி, தானியம்னு பல வழி. எனக்குப் பிடிச்சது ஜப்பான் கதை. ஹஹாஜிமா தீவுல ரெண்டரை மில்லிமீட்டர் நத்தையைப் பறவைங்களுக்குத் தின்னக் குடுத்து, எச்சத்தை ஆராய்ஞ்சிருக்காங்க. நூத்துக்குச் சுமார் பதினைஞ்சு நத்தை உயிரோட வெளியே வந்திருக்கு. அதுல ஒண்ணு வெளியே வந்த கொஞ்ச நேரத்துல குட்டியே போட்டிருக்கு. வயித்துக்குள்ள ஃபிளைட் ஏறி, இறங்கின இடத்துல பிரசவம். இதுக்கு அப்புறமும் 'நத்தை வேகம்'னு யாராவது கிண்டல் பண்ணுவீங்க?

சரி, வயசு? இது உசுரோட இருக்கிற ஜாதி மட்டும் இல்லை, கல்லாப் போன ஜாதியும்கூட. ப்யூபாய்டஸ் கூடுகள் அமெரிக்காவுல பனியுகக் காலத்து மண்படிவுகள்லயே கிடைக்குது. கனடாவுல ஜாகின்ஸ்னு ஒரு கடற்கரைப் பாறை. அங்க 1852-ல சார்லஸ் லயலும் வில்லியம் டாசனும் கல்லாப் போன மரத்தோட பொந்துக்குள்ள குட்டி நத்தைக் கூடுகளைப் பார்த்தாங்க. முப்பது கோடி வருஷத்துக்கும் முந்தினது. இதே கூட்டுப்புழு வடிவம்தான். அதனால முதல்ல 'ப்யூப்பா'ன்னே பெயர் வெச்சுட்டாங்க. சொந்தமா இல்லையாங்கிற பஞ்சாயத்து தனி. டைனோசர் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் காய்ஞ்ச மரப்பொந்துல ஒதுங்கி மழைக்காகக் காத்திருந்தார்ங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

பழைய காலத்து மழையைத் தெரிஞ்சுக்கவும் இதுங்கதான் சாட்சி. ஓட்டுல இருக்கிற ஆக்ஸிஜன், கார்பன் வகைகளை அளந்தா, அந்தக் காலத்து மழை எப்படி, சுத்தி என்ன செடி கிடந்ததுன்னு கணக்குப் போடலாம். இங்கிலாந்துல ஜான் இவான்ஸ்ங்கிறவர் தொல்லியல் குழிகள்ல கிடைச்ச நத்தைகளை எண்ணியே 1972-ல ஒரு புத்தகம் போட்டார். கீழ் அடுக்குல காட்டு நத்தை, மேல் அடுக்குல புல்வெளி நத்தை. அப்படின்னா நடுவுல யாரோ காட்டை வெட்டியிருக்காங்க! சிசிடிவி கேமராவே வேண்டாம். ஒரே ஒரு சிக்கல், சுண்ணாம்புக் கல்லைச் சுரண்டித் தின்ன நத்தையோட ஓட்டுல பழைய கார்பன் கலந்துடும். கார்பன் டேட்டிங்ல உண்மையான வயசைவிட ஆயிரக்கணக்குல கூடக் காட்டும். எங்க மண்ணுல சுக்கான் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஸோ, எங்க நத்தைகிட்ட வயசைக் கேட்டா உஷாரா கேக்கணும்.

இந்த இடத்துல நீங்க கேப்பீங்க... "வெம்பக்கோட்டைன்னா அகழாய்வு நடந்த ஊராச்சே?" ஆமா. விஜயகரிசல்குளத்து மேட்டுல 2022 மார்ச்ல ஆரம்பிச்சு, 2023, 2024-ன்னு மூணு கட்டமா தொல்லியல் துறை தோண்டுச்சு. முதல் ரெண்டு கட்டத்துலயே ஏறக்குறைய 8,000 பொருள். சுடுமண் பொம்மை, கண்ணாடி மணி, நுண்கற்கருவி, தங்கம்... எல்லாத்தையும்விட அங்க என்னை நிறுத்தினது சங்கு வளையல்தான். உடைஞ்ச துண்டு துண்டா அவ்வளவு. மூணாம் கட்டம் நடந்தப்போ முதல் வருஷ லீவுல போய்ப் பார்த்தேன். கயிறு கட்டின சதுரக் குழி, சுவர்ல அடுக்கு அடுக்கா மண்ணு. சங்குங்கிறதும் நத்தை வம்சம்தான். கடல்ல இருக்கிற, செவுள்ல மூச்சு விடற, பெரிய வீட்டு நத்தை. மன்னார் வளைகுடாவுல பிறந்து, வைப்பாத்துக் கரைக்கு வந்து, அறுபட்டு, யாரோ ஒரு பொண்ணு கையில ஏறியிருக்கு. அந்தப் பெரிய வீட்டுக்காரரைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாங்க. அதே வைப்பாத்துப் பக்கத்துல அவரோட ஏழைச் சொந்தக்காரர் எங்க நிலத்துல, நான் சல்லடை ஆட்டற வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படாம கிடந்திருக்கார். நம்ம தொல்காப்பியம் மரபியல்ல உயிர்களை அறிவால வகை பிரிக்கும்போது 'நந்து'ன்னு சொல்லி ரெண்டு அறிவுல சேர்க்கிறதும் இந்த வம்சத்தைத்தான். தொடு உணர்ச்சியும் சுவையும் மட்டும். இப்போ கேட்டா வாசனையும் வெளிச்சமும்கூட அதுக்குத் தெரியும்கிறாங்க. அறிவை ஏத்திக் குடுக்கலாம்.

ஐப்பசி அடைமழையில வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்ல பார்த்தது எல்லாம் வெறும் கூடு. உயிரோட ஒண்ணையாவது பார்த்துடணும்னு வெறி. மழை விட்ட காலையில ஓடைக்கரையில கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். காஞ்ச சோளத் தட்டைக்கு அடியில ஒண்ணு கிடைச்சுது. பக்கத்துல இன்னும் நாலு. நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு! கொம்பு முனையில மிளகைக் குத்தி வெச்ச மாதிரி கண்ணு. அதுவும் மிளகுல நூறுல ஒரு பங்கு. முதுகுல கரிசல் அப்பிக் கிடந்துச்சு. ஹட்டன் துரை சும்மா பெயர் வைக்கலை.

அப்போதான் அம்மா குடையோட வந்தாங்க. மழைன்னா பயராபீஸ் லீவு. இடி, மின்னல் இருந்தா கேக்கவே வேண்டாம். கூலியும் லீவு.

"என்னத்தத் தாயி தேடுத? பாம்பு கிடக்கப்போவுது."

கையில லென்ஸைக் குடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. அம்மா பார்வை கூர்மை. திரியில மயிரிழை பிரிஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவாங்க.

"இது என்ன பண்ணும்?"

"மழை பெய்யாதப்போ கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கும். மழை வந்தா எந்திரிச்சு வேலைக்குப் போகும்."

"நமக்கு நேர் எதிர்" என்று சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் லென்ஸைத் திருப்பித் தராம இன்னொண்ணைத் தேட ஆரம்பிச்சாங்க.

அன்னைக்குச் சாயந்திரம் பாட்டிகிட்ட பழைய சுண்ணாம்பு டப்பா ஒண்ணு வாங்கி, நாலு தடவை கழுவி, ஈர மண் போட்டு ரெண்டு நத்தையை விட்டேன். "நத்தைக்கும் வெத்தலை போடற பழக்கம் உண்டா?"ன்னு பாட்டி கேட்டது. பாதி உண்மை. ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து கட்டாயம். எங்க நிலத்துல சுக்கான் கல் இருக்கவேதான் அது அங்க குடியிருக்கு. எந்தக் கல்லைச் சபிச்சு சபிச்சு எங்க தாத்தா கலப்பையைத் திருப்பினாரோ, அதே கல்லு.

மண் ரிப்போர்ட்டை மாமாகிட்ட உள்ளபடியே குடுத்தேன். ஈரம் ஏறினா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டா சுவர் கிழியும். ஒண்ணு, ரெண்டு, மூணடிக்குக் கரிசலை அள்ளிட்டுக் கிராவல் போடணும். இல்லாட்டி ரூர்க்கியில இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்குன்னே பிரபலப்படுத்தின, அடியில குடை மாதிரி விரியற பைல் போடணும். கிராவல்தான் மலிவு. ஆனா கரிசலை மூணடி அள்ளினா, அள்ளின மண்ணோட யாரெல்லாம் லாரி ஏறுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதை ரிப்போர்ட்ல எந்தக் காலத்துல எழுதறது?

விக்க வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. எட்டு செமஸ்டர்ல இன்னும் பாக்கி இருக்கு. கூட்டுறவு சங்கத்துல நகை இருக்கு. அம்மாவுக்கு முழங்கை வலி, ராத்திரி தைலம் தேய்க்காம தூக்கம் வராது. நிலம் வித்தா பயராபீஸ் போறதை நிறுத்திடலாம்னு அவங்க நினைக்கிறாங்க. பயராபீஸை நிறுத்த நிலத்தைப் பயராபீஸுக்கே விக்கணும்! இதுல நடுவுல போய் "நத்தை இருக்கும்மா"ன்னா எடுபடுமா? நாலரை மில்லிமீட்டர் ஜந்துவுக்குச் சென்ட் என்ன விலை போடறது? பட்டா இல்லை, சிட்டா இல்லை, வாயும் இல்லை. எனக்கே சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுட்டு ராத்திரி தூங்கலை.

சுண்ணாம்பு டப்பா ஈரம் காய்ஞ்சதும் ரெண்டும் கதவைச் சாத்திக்கிச்சு. நான் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது அம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு போன்ல, "பஞ்சுல தண்ணி தொட்டு வெச்சேன், அரை மணியில வெளிய வந்துட்டு"ன்னாங்க, என்னவோ பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பிச்ச சேதி மாதிரி. பாட்டி அதுங்களுக்குப் பெயர்கூட வெச்சிருச்சாம். எங்க சொந்தக்காரங்க ரெண்டு பேர் பெயர்ங்கிறதால இங்க எழுத முடியாது.

இந்த வெள்ளிக்கிழமை நிலம் அளக்க சர்வேயர் வர்றார். விலை கிட்டத்தட்ட படிஞ்சிருச்சு. நேத்து ராத்திரி மாமா எனக்கு போன் பண்ணி, "ஏந் தாயி, உங்க அம்மா என்னமோ ஓடைக்கரை அஞ்சு சென்ட்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அளங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கா. ஏன்னு கேட்டா, 'அந்தப் பக்கம் மண்ணு சரியில்லண்ணே, புள்ள டெஸ்ட் பண்ணிச் சொல்லிருக்கா'ங்கா. அப்படியா சொன்ன?" என்று கேட்டார்.

"ஆமா மாமா, அந்தப் பக்கம் அள்ளவே கூடாது"ன்னேன்.